கடைசற் பட்டறையும் கணினி மென்பொருளும்

சென்னையின் வடபால், இராயபுரத்தை அடுத்துள்ள காசிமேடு மீன்பிடி துறைமுகத்தாற் பெயர்பெற்றது என்பதை அறியாதார் இலர். அத்துறைமுகத்து விசைப்படகுகள் கடலில் ஓடுவதற்கு லேத்துப் பட்டறைகளின் உழைப்பும் ஒரு காரணமாம் என்பதைச் சிலரே எண்ணுவர். படகின் புரொப்பெல்லர்த் தண்டு தேயின், அதனைக் கடைந்து தருவது பட்டறை; புஷ் உடையின், புதியது செய்வதும் பட்டறையே. கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. பழுதுபார்க்கும் வேலை பெரும்பாலும் இந்நாள்களிலேயே வந்து குவியும். தடை நீங்கும் நாளில் படகு ஆயத்தமாய் இராதேல், அதனை நம்பிய குடும்பங்கள் பலவற்றின் வருவாய் குன்றும்.

இத்தகைய பட்டறையொன்று கடன் பெற்றுச் சி.என்.சி. இயந்திரம் வாங்குமாயின், அதனை இயக்கும் கட்டளைகளை வகுக்கக் கேம் என்னும் மென்பொருளையும் தேர்ந்தாக வேண்டும். எதனைத் தேர்வது? தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் யாது வேலை என்று நகைப்பார்க்கு ஒன்று கூறுவேன்: இதுவும் ஒரு மொழியைப் பற்றிய வினாவே.

அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-இல் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைச் செய்து காட்டினர். 1959-இல் அவ்வியந்திரங்களுக்கென ஏ.பி.டி. என்னும் கட்டளைமொழியை உலகறிய வெளியிட்டனர். இன்று பெரிதும் வழங்குவது ஜி-கோடு. அதில் ஜி 00 என்றால் விரைந்து நகர்க; ஜி 01 என்றால் நேராக வெட்டிச் செல்க; எம் 03 என்றால் சுழலத் தொடங்குக. ஆயினும், ஒரு தமிழே நெல்லையிலும் கோவையிலும் வேறுபட ஒலித்தல் போல, இம்மொழியும் கட்டுப்பாட்டகந்தோறும் வேறுபடும். ஆழ்துளையிடும் கட்டளையை ஃபானக் கட்டுப்பாட்டகம் ஜி 83 என அறியும். சீமென்ஸ், தன் சொந்த வழக்கில், சைக்கிள் 83 என எதிர்பார்க்கும். மென்பொருள் வகுத்த வழியை இயந்திரத்தின் வழக்கிற்கு மாற்றித் தரும் உறுப்பே போஸ்ட்-பிராசசர் எனப்படும். அது பிழைபடின் வெட்டுளி இயந்திரத்திலேயே மோதவும் கூடும். ஆதலின் விற்பவரிடம் முதற்கண் கேட்கத்தக்கது, நம் இயந்திரத்திற்குச் சோதித்து முடித்த போஸ்ட் உண்டா என்பதே.

அடுத்து, நம் வேலை எத்தன்மைத்து என ஆராய்க. தண்டு, புஷ், ஃபிளாஞ்சு முதலியவற்றிற்கு ஈரச்சுக் கடைசலும் எளிய மில்லிங்குமே போதும். ஐயச்சு மென்பொருளுக்குப் பொருளிறைத்தல் வீண். உடைந்த துண்டை மட்டும் கையிற் கொண்டு வருவார்க்கு வரைபடம் ஏது? ஆகவே அளந்தவாறே விரைந்து வரையும் வசதி இன்றியமையாதது. ஒரே ஒரு புஷ் வேண்டுமாயின் பெரும்பாலும் கைலேத்தே விரைவு. ஒரே அளவில் ஐம்பது வேண்டும்போதே மென்பொருள் தன் விலையை ஈட்டும்.

விலையிலும் விழிப்பு வேண்டும். ஆண்டுச் சந்தா நின்றபின் நம் பழைய கோப்புகள் திறக்குமா எனக் கேட்டறிக. வரைபடங்களை ஸ்டெப், டி.எக்ஸ்.எஃப். ஆகிய பொது வடிவங்களிலும் சேமித்து வைக்க. தனிப்பயிற்சிக்கென இலவசமாய்த் தரப்படுவனவற்றுட் சிலவற்றைத் தொழிலுக்குப் பயன்படுத்த உரிமையில்லை. ஃபிரீகேட் என்னும் கட்டற்ற மென்பொருளோ தொழிலுக்கும் தடையற்றது. கேம் பகுதியும் உடையது. ஆயினும் அதன் போஸ்டையும் நாமே சோதித்துக்கொள்ளல் வேண்டும். திருட்டுப் படி கொள்வது சட்டப்படி குற்றம். இடர் நேர்ந்தபோது உதவி கேட்கவும் வாயடைக்கும்.

நிற்க. மென்பொருள் எதுவாயினும் பட்டறையின் மூத்த தொழிலாளியை அருகில் அமர்த்தியே தேர்தல் வேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை நிமிடத்திற்கு 60 மீட்டர் வேகத்தில் வெட்ட ஏறக்குறைய 382 சுற்று வேண்டும் என மென்பொருள் நொடியிற் கணக்கிடும். அத்தண்டு நீண்டிருப்பின் அவ்வேகத்தில் அதிருமா என்பதை ஒலிகேட்டே உணர்பவர் அவரே.

முடிவாக, விற்பவர் கொணரும் அழகிய மாதிரியைக் கண்டு மயங்கற்க. நம் பட்டறைப் பொருளொன்றை அவர் கையிற் கொடுத்து, நம் கண்முன்னே கட்டளை வகுக்கச் செய்க. முதலில் பொருளின்றி வெறுமனே ஓட்டுக. பின்பு விலைகுறைந்த பொருளில் வெட்டி மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்க. இச்சோதனையை மீன்பிடித் தடை தொடங்குவதற்குப் பல திங்கள் முன்னரே முடித்தல் நன்று. படகு கரையேறிக் காத்திருக்கும் நாளில் புது மொழி பயிலத் தொடங்குதல் எவர்க்கும் அரிது.