பேபி டாட்ஸின் டிரம் எங்கே?

கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923 ஏப்ரலில் பதித்த இசைத்தட்டுகளைக் கேட்டால் ஒரு சந்தேகம் வரும். கார்னெட் இருக்கிறது, கிளாரினெட் இருக்கிறது, டிரம் எங்கே? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், கொல்லையில் யாரோ கட்டையைத் தட்டுவதுபோல் 'டக் டக்' என்று ஒரு சத்தம். வாரன் 'பேபி' டாட்ஸ் என்ற மாபெரும் டிரம்மர் அன்று வாசித்ததில் நமக்கு மிஞ்சியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

குற்றம் அவருடையதல்ல. பதிவு நடந்தது இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில், ஜெனட் கம்பெனி ஸ்டூடியோவில். பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டி வந்தால் பதிவு கெட்டது. மைக் கிடையாது. பெரிய கூம்பு ஒன்றின் வாய்க்கு முன்னால் நின்று எல்லோரும் வாசிக்க, அந்த அதிர்விலேயே ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். பாஸ் டிரம்மை ஓங்கி மிதித்தால் ஊசி துள்ளும், மெழுகு பாழ். எனவே டிரம்மருக்குக் கிடைத்தது மரக்கட்டை. அதே குழுவில் வாசித்த இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கையே சத்தம் தாங்கவில்லை என்று எட்ட நிறுத்திய காலம் அது.

இன்று டிரம் செட்டுக்கு மட்டும் எட்டு, பத்து மைக் வைக்கிறார்கள். ஸ்நேர் டிரம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அடி கொஞ்சம் பிசகினால் கணினியில் நகர்த்திச் சரிசெய்துவிடலாம். ஹெட்போனில் ஓடும் 'க்ளிக்' ஒலிக்குக் கட்டுப்பட்டு வாசிப்பவர்கள் பலர். டாட்ஸின் குழுவில் அந்த க்ளிக் அவர்தான். ஆனால் அசையாத க்ளிக் அல்ல. கார்னெட்டுக்கு ஒரு விதம், கிளாரினெட்டுக்கு வேறு விதம் என்று, யார் முன்னுக்கு வருகிறார்களோ அவர்களுக்கேற்றபடி அடியை மாற்றுவார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

1898-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். முதல் டிரம், கொழுப்பு அடைத்து வந்த காலி டப்பா. ஆணியால் துளை போட்டு, நாற்காலிச் சட்டங்களைக் குச்சியாக்கிக்கொண்டார். பாஸ் டிரம்முக்குப் பதில் குதிகாலால் சுவர்ப் பலகையை உதைத்தாராம். முன்பெல்லாம் பாஸ் டிரம்முக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர். 1909-ல் டிரம் தயாரிப்பாளர் லுட்விக் காப்புரிமை பெற்ற கால்மிதி போன்றவை பரவிய பிறகே ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிப்பது எளிதாயிற்று. தோல் கன்றுத்தோல்: ஈரக்காற்றில் தளரும், வறண்டால் இறுகும். பறையைத் தீயில் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரிந்த தொல்லைதான். பிளாஸ்டிக் தோல் 1957 வாக்கில் கடைக்கு வந்தது. அந்த ஆண்டுதான் டாட்ஸ் வாசிப்பதையே நிறுத்தினார்.

1918 முதல் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் ஃபேட் மாரபிளின் குழுவில் வாசித்தார். அங்கே அவர் இடது காலைத் தட்டுவதை லுட்விக் பார்த்து, அளவெடுத்துப் போய், காலால் இயக்கும் ஜோடி சிம்பலைச் செய்து அனுப்பினார் என்பது டாட்ஸே சொன்ன கதை. அந்தச் சாதனம் அவருக்குப் பிடிக்கவே இல்லை! அதன் வாரிசான ஹை-ஹேட் இல்லாத டிரம் செட்டை இன்று காண்பது அரிது. கம்பி பிரஷ்ஷும் அப்படித்தான்: சத்தத்தைக் குறைக்க ஆலிவர் வாங்கிக் கொடுத்தார், டாட்ஸோ அதிலும் பலமாகவே அடித்தார்.

மின்பதிவு 1925-ல் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் செவன் தட்டுகளில் அவர் சிம்பல் தெளிவாகவே கேட்கிறது. ஆனால் பாஸ் டிரம்மைத் துணிந்து தட்டில் ஏற்றிய பெயர், அதே ஆண்டு டிசம்பரில், அவரைப் பார்த்துக் கற்ற ஜீன் க்ரூப்பாவுக்குப் போயிற்று. 1930-களில் ஜாஸ் வருமானம் போதாமல், சகோதரர்களின் டாக்ஸித் தொழிலிலும் டாட்ஸ் உழைத்தார்.

1946-ல் அவரைத் தனியே உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். ஃபோக்வேஸ் அதை வெளியிட்டது. கார்னெட் இல்லை, கிளாரினெட் இல்லை, ஒளிந்துகொள்ள மரக்கட்டையும் இல்லை. தன் குரலிலேயே விளக்குகிறார், பிறகு வாசித்துக் காட்டுகிறார். ஸ்நேரில் நீளமான ரோல் உருண்டு வர, அடியில் பாஸ் டிரம் அதிர்கிறது. ஊசி துள்ளவில்லை.