திருத்தும் காது

அன்று

1930-களின் தொடக்கம். திருப்பூரில் பனியன் எந்திரங்கள் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வடகர்நாடகத்தின் கதக் ஊரில் பீம்சேன் ஜோஷி என்ற சிறுவன், உஸ்தாத் அப்துல் கரீம் கான் பாடிய தும்ரியை இசைத்தட்டில் கேட்டான். அதைப் போலப் பாடியே தீருவது என்று 11 வயதில் வீட்டைவிட்டு ரயிலேறினான். குவாலியர், ஜலந்தர் என்று குருவைத் தேடி அலைந்தான். கடைசியில் 1936-ல் குரு வாய்த்தது சொந்த ஊர்ப் பக்கத்திலேயே, குந்த்கோலில். அவர் சவாய் கந்தர்வா, அதே அப்துல் கரீம் கானின் சீடர்.

கிரானா கரானா என்ற இசை மரபைச் சேர்ந்த அந்த உஸ்தாத் நமக்கு அந்நியர் அல்லர். தியாகராஜரின் கரஹரப்ரியா கீர்த்தனையைப் பாடி இசைத்தட்டில் பதித்தவர். கர்நாடக சங்கீதத்தில் மனம் தோய்ந்து, நம் ஸ்வரம் பாடும் முறையைத் தம் பாட்டுக்குள் கொண்டுபோனவர். 1937-ல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது.

குந்த்கோலில் பீம்சேன் குரு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தார். தோடி, முல்தானி, பூரியா ஆகிய ராகங்களிலேயே ஆண்டுகள் போயின. அதே குருவின் இன்னொரு சீடரான கங்குபாய் ஹங்கல் ஹூப்ளியிலிருந்து ரயிலில் வந்து, ஒரே பிடியைத் திரும்பத் திரும்பப் பாடிக் கற்றார். நல்ல பாட்டைக் கேட்பதே அரிதான காலம் அது. ஆனால் சீடர் பாடுவதை நாளெல்லாம் கேட்க ஒருவர் இருந்தார். ஸ்வரம் மயிரிழை இறங்கினாலும் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தினார்.

இன்று

இசையை ஆதரித்த அரண்மனைகள் போய்விட்டன. 1977-ல் ஐடிசி நிறுவனம் கொல்கத்தாவில் சங்கீத ரிசர்ச் அகாடமியைத் தொடங்கி, குருவும் சீடரும் ஒரே வளாகத்தில் வாழ வழிசெய்தது. ரஷீத் கான் அங்கே வளர்ந்தவர். அந்த வாய்ப்பு மிகச் சிலருக்கே.

மற்றவர்களுக்குக் கைபேசிதான் குருகுலம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு முடித்து வரும் ஒருவர், பீம்சேன் அலைந்து தேடிய அத்தனை குரல்களையும் படுத்துக்கொண்டே கேட்கலாம். தம்புராவுக்கு ஒரு செயலி போதும். பந்திஷ் என்னும் இந்துஸ்தானிப் பாடலில் வரும் சொல்லுக்குப் பொருள் கேட்க, பீகாரிலிருந்து வேலைக்கு வந்த நண்பர் பக்கத்திலேயே இருக்கிறார். இது பெரிய வரம்தான்.

ஆனால் காணொளி வகுப்பில் ஒலி நொடிப்பொழுது தாமதித்தே போய்ச் சேருகிறது. குருவும் சீடரும் சேர்ந்து பாட முடிவதில்லை. தம்புராவின் தொடர்நாதத்தை இரைச்சல் என்று எண்ணி மென்பொருளே அழித்துவிடுவதும் உண்டு. சுருதி தெளிவாகக் கேட்காத இடத்தில் அரை நூல் பிசகை யார் கண்டுபிடிப்பது?

பிசகைக் கண்டுபிடிப்பது என்றால் என்னவென்று திருப்பூருக்குச் சொல்ல வேண்டியதில்லை. செக்கிங் மேசையில் ஒரு கண் பார்த்துத் தள்ளாமல் எந்த உருப்படியும் பேக்கிங்குக்குப் போகாது. குரலுக்கும் அப்படி ஒரு செக்கிங் வேண்டும். வகுப்பைக் கைபேசியில் தொடருங்கள். ஆண்டில் சில வாரமாவது குருவின் எதிரில் போய் உட்காருங்கள். ஏற்றுமதியில் செழித்த இந்த ஊரின் நிறுவனங்கள் ஒரு குருவை வரவழைத்துத் தங்கவைக்கட்டும். ஒரு நாள் கச்சேரிக்காக அல்ல, ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து நம் பிள்ளைகள் பாடுவதைக் கேட்க.