பிக்கப்புக்கு ஒரு படங்குக் கூடாரம்

இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்களுக்குப் படங்கைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோதும், 2008இலும் 2009இலும் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தபோதும், பகலில் உழவு இயந்திரப் பெட்டியை மூடிய படங்கே இரவில் கூரையாகவும் இருந்தது. நெல் காயவிட்டதும் அதிலேதான். ஆனால் அதே படங்கை ஒரு பிக்கப்பின் மேல் முறையாகப் பொருத்தி மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோவது வேறு வேலை. குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பழைய பிக்கப் ஒன்றையோ, எல்லோரும் ‘பட்டா’ என்று சொல்லும் சின்ன லொறியையோ வைத்திருந்தால், இந்த வேலையைத் தாங்களே ஊரிலுள்ள ஒட்டுவேலைக்காரருடன் சேர்ந்து செய்து கொள்ளலாம்.

எமது நாட்டில் விளையும் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் வரை உண்பவர் கைக்குச் சேரும் முன்னரே பழுதாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் ஒரு பங்கு வண்டியிலேயே நடக்கிறது. கீரையும் பயிற்றையும் வெயிலிலும் ஓடும் காற்றிலும் வதங்குகின்றன. மாரி மழையில் நனைந்த வெங்காயம் இரண்டு நாளில் அழுகத் தொடங்கும். வாழைக்குலை உரசிக் கறுத்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். காணிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய குத்தகையோ இதனால் ஒரு ரூபாயும் குறையாது.

மூடி என்றதும் சிலர் தகரத்தால் நாலு பக்கமும் அடைத்த பெட்டியை அல்லது பைபர் மூடியை நினைக்கிறார்கள். உடுப்பு வியாபாரிக்கு அது நல்லது. தோட்டக்காரருக்கு அவ்வளவு பொருந்தாது. பிடுங்கிய பின்பும் மரக்கறி மூச்சு விடுகிறது, சூட்டை வெளிவிடுகிறது. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அந்தச் சூடும் ஈரமும் அடைபட்டு, அவிந்த மரக்கறிதான் சந்தையில் இறங்கும். எங்கள் முன்னோரின் கூடார வண்டிலைப் பாருங்கள். மேலே வளைந்த கூரை, முன்னும் பின்னும் திறப்பு. பிக்கப்புக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதுவே.

முதலில் பெட்டியின் உள்நீளம், அகலம், பக்கப் பலகையின் உயரம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு ஓர் அங்குல ஜீ.ஐ. குழாய் போதும். ஏழடிப் பெட்டிக்கு நாலு வில்கள் வேண்டும். மூன்று போட்டால் இடையிலே படங்கு தொய்யும். வில்களின் உச்சியை ஒரு நீட்டுக் குழாயும் இரு தோள்களை இரண்டு குழாய்களும் இணைக்க வேண்டும். முன் மூலைகளில் ஒரு சரிவுத் தாங்கு வைத்து ஒட்டாவிட்டால், தடை போடும் ஒவ்வொரு தடவையும் கூடாரம் முன்னுக்குச் சாயும். உயரம் ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேல் ஓரடிக்கு மிஞ்ச வேண்டாம். மிஞ்சினால் காற்றுப் பிடித்து எண்ணெய்ச் செலவு கூடும், படங்கும் கிழியும்.

சட்டத்தை வாகனத்துடன் நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். பக்கங்கள் அசையாத பிக்கப்பில் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் அல்லது யூ போல்ட் போடலாம். இடையில் பழைய ரியூப்பை வெட்டி வைத்தால் உராய்ந்து துருப்பிடிக்காது. ‘பட்டா’வில் பக்கப் பலகைகள் கீழே விழுத்தக் கூடியவை. அவற்றில் சட்டத்தைப் பூட்டினால் பிறகு பலகையைத் திறக்க முடியாது. அங்கே முன் தடுப்பிலும் மூலைத் தூண்களிலும் சிறு குழாய்த் துண்டுகளைப் பொருத்தி, வில்லின் காலை அதற்குள் இறக்கி ஊசி போட வேண்டும். துளை போடுவது தவிர்க்க முடியாததாயின், துளையின் விளிம்புக்குத் துருவெதிர்ப்புப் பூச்சுப் பூசி றப்பர் வாசருடன் முடுக்குங்கள். வாகனம் லீசிங்கில் இருந்தால் துளையிட முன் கம்பனியைக் கேட்பது நல்லது. கழற்றக் கூடிய சட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு: வாகனம் கைமாறினாலும் கூடாரம் உங்களுடையதாகவே இருக்கும்.

படங்கு வாங்கும்போது மலிவான நீல விரிப்பை நம்ப வேண்டாம். வெயிலில் சில மாதத்தில் நூல் நூலாகப் பிரியும். தடித்த கன்வஸ் அல்லது பீ.வீ.சீ. பூசிய துணி நீடித்து உழைக்கும். கறுப்பு நிறம் சூட்டை இழுக்கும். வெளிர் நிறமே நல்லது. ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைப்பித்து, ஓரடிக்கு ஒரு கண் போடுங்கள். முன் ஓரம் ஓட்டுநர் அறைப் பக்கம் நன்றாக இறங்கி இறுக்கமாக இருக்க வேண்டும். காற்று உள்ளே புகும் வாசல் அதுதான். உச்சி வளைவாக இருக்கட்டும். ஏழடிக்கு ஐந்தடிக் கூரையில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் தேங்கினால் அதன் பாரம் 80 கிலோவுக்கு மேல்! பக்கத் துணிகளைச் சுருட்டிக் கட்டக்கூடியதாகத் தைப்பித்தால் வெயில் நாளில் தூக்கி விடலாம், மழையில் இறக்கலாம்.

உள்ளே அடுக்குவதிலும் கவனம் வேண்டும். சரக்குக்கும் கூரைக்கும் நடுவே முக்கால் அடியாவது வெளி விடுங்கள். தரையில் பலகைச் சட்டம் போட்டால் ஒழுகிய நீர் சாக்கை நனைக்காது. 2011 டிசெம்பரில் மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்ற வேண்டும் என்ற விதி வந்தபோது தம்புள்ளையில் எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். கூடைக்குப் பணம் யார் கொடுப்பது, வெறுங்கூடை எப்படித் திரும்பி வருவது என்று அவர்கள் கேட்டது நியாயமே. எனினும் தக்காளிக்கும் கத்தரிக்கும் சாக்கைவிடக் கூடை நல்லது என்பதில் ஐயமில்லை. பாரம் கூடையில் இறங்கும், காயில் இறங்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் போகும் பெண்களையும் பிள்ளைகளையும் இந்தக் கூடாரத்துக்குள் ஏற்றாதீர்கள். பின்பக்கம் மட்டும் திறந்திருக்க வாகனம் ஓடும்போது, பின்னால் சுழலும் காற்று புகைக்குழாயின் புகையை உள்ளே இழுக்கும். அதிலுள்ள காபனோரொக்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. தலைச்சுற்று, நித்திரை என்று தொடங்கி உயிரையே எடுக்கும். மழைக்கு ஒதுங்கி எஞ்சினை ஓடவிட்டு நிற்கும்போதும் ஆபத்து உண்டு. கூடாரத்தின் மேல் சைக்கிளோ மூட்டையோ ஏற்றுவதும் வேண்டாம். வில்கள் துணியைத் தாங்கவே செய்யப்பட்டவை.

பின் விளக்குகளையும் இலக்கத் தகட்டையும் துணி மறைக்கக் கூடாது. பெட்டியை நிரந்தரமாக அடைத்து வாகனத்தின் அமைப்பையே மாற்ற எண்ணுபவர்கள் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும்.

புதுச் சட்டம் பூட்டிய முதல் ஓட்டத்தில் பத்துக் கட்டை போனதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். எமது குச்சொழுங்கைகளின் குலுக்கலில் எதுவும் கழரும். மழையில் நனைந்த படங்கை அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வேலியிலோ கொடியிலோ விரித்து, இரு பக்கமும் காய்ந்த பிறகே சுருட்டுங்கள்.