ரெண்டு வாளி வைப்போம்!

குப்பை வண்டி வந்ததும் என்ன செய்கிறோம்? மிச்சச் சோறு, பேப்பர், உடைஞ்ச பாட்டில் எல்லாத்தையும் ஒரே கவரில் கட்டிப் போடுகிறோம். தூய்மைக் காவலர் அதைக் கையால் பிரிக்கணும். கண்ணாடி கிழிக்கும். சோறு ஒட்டிய பேப்பரைப் பழைய இரும்புக் கடையிலும் வாங்க மாட்டார்கள்.

வீட்டிலேயே பிரித்தால் காய்கறித் தோல் உரமாகும். பேப்பர், தகரம், பாட்டில் மறுசுழற்சிக்குப் போகும். இப்படிப் பிரித்துத்தான் தரவேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது.

"நாம பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாக் கொட்டுறாங்களே!" என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். அதைக் கேட்க இடம் இருக்கு. நம் தருமபுரி மாவட்ட ஊராட்சிகளில் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ல் கிராம சபை கூடும். "வண்டியில ரெண்டு தடுப்பு வையுங்க" என்று அப்பா, அம்மாவை அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

அதுக்கு முன்னாடி, இன்னிக்கே நம் வீட்டில் ரெண்டு வாளி வைப்போம்!