ஒரு முகவரி ஏடு, பல்லாயிரம் நகல்கள்

பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் ஒரு பெரிய நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 40,000 பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுள் ஒருவர் ரயிலில் பயணம் செய்துகொண்டே தம் மடிக் கணிப்பொறியில் மின்னஞ்சல் எழுதுகிறார். வண்டி நீண்ட குகைப்பாதை ஒன்றினுள் நுழைகிறது. வெளி உலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும், பெறுபவருடைய பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியவுடனே அவரது முழுப்பெயர், பதவி, தொலைபேசி எண் ஆகிய யாவும் திரையில் தோன்றிவிடுகின்றன. இவை எங்கிருந்து வந்தன?

அந்தக் கணிப்பொறிக்குள்ளேயே நிறுவனத்தின் முகவரி ஏடு முழுவதற்கும் ஒரு நகல் இருக்கிறது. இதற்கு 'ஆஃப்லைன் அட்ரஸ் புக்' என்று பெயர். தொடர்பு இல்லாதபோதும் பயன்படும் முகவரி ஏடு என்பது இதன் பொருள். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான ஏற்பாடுதான். ஆனால் 40,000 பெயர்கள் கொண்ட ஓர் ஏட்டை ஆயிரக்கணக்கான நகல்களாக்கி, அத்தனை நகல்களையும் நாள்தோறும் சரியாக வைத்திருப்பது எப்படி? இதில்தான் சுவையான கணக்கு இருக்கிறது.

ஐம்பது பெயர்களில் தொடங்கிய கதை

முகவரி ஏட்டின் தொல்லை கணிப்பொறியை விடப் பழையது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நியூ ஹேவன் நகரில் 1878 பிப்ரவரி 21 அன்று ஒரு தொலைபேசிப் பட்டியல் வெளியாயிற்று. உலகின் முதல் தொலைபேசி விவரப் பட்டியல் இதுவே. ஒரே ஓர் அட்டையில் 50 இணைப்புகளின் பெயர்கள் அச்சாகியிருந்தன, எண்கள் கிடையா. பெயரைச் சொன்னால் இணைப்பகத்தில் இருப்பவர் கம்பியை இணைத்துவிடுவார்.

அட்டை அச்சான மறுநாளே ஐம்பத்தோராவது சந்தாதாரர் சேர்ந்தால் என்ன செய்வது? அட்டையைத் திரும்ப அச்சிட்டு எல்லார் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் புதியவர் பட்டியலில் இல்லாமலே இருக்க வேண்டும். அன்று அட்டைக்கு நேர்ந்த இதே சங்கடம்தான் இன்று மின்னஞ்சல் ஏட்டுக்கும் நேர்கிறது.

மூலமும் நகலும்

நிறுவனங்களின் மின்னஞ்சலைக் கவனிக்கும் மையக் கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். ஓட்டலில் நாம் கேட்டதைக் கொண்டுவந்து தருபவரும் சர்வர்தானே! இதுவும் கேட்டவர்க்குக் கேட்டதைத் தருகிறது. இவ்வகையில் பெரிதும் பயன்படுவது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'எக்ஸ்சேஞ்ச்' என்ற சர்வர் நிரல். இதன் முதல் பதிப்பு 1996இல் வெளிவந்தது. அலுவலரின் கணிப்பொறியில் இருந்துகொண்டு இந்தச் சர்வரோடு பேசும் நிரலின் பெயர் 'அவுட்லுக்'.

எல்லாருடைய முகவரிகளும் அடங்கிய மூல ஏடு மையத்தில் இருக்கிறது. புதிதாக ஒருவர் வேலையில் சேர்ந்தால் நிர்வாகி அதில்தான் பெயரைச் சேர்ப்பார். குறிப்பிட்ட நேரம் வந்ததும் சர்வர் மூல ஏட்டைப் படித்து, அதைச் சில கோப்புகளாக எழுதி, இடம் குறையும்படி அழுத்திச் சுருக்கி வைக்கும். அவுட்லுக் அந்தக் கோப்புகளை வாங்கி வந்து, விரித்து, தன் கணிப்பொறியில் நகல் ஏடாக வைத்துக்கொள்ளும்.

2005இல் வந்த ஒரு மாற்றத்துக்குப் பின் இன்னொரு வேலையும் அவுட்லுக்கின் பொறுப்பாயிற்று. பெயர்களை அகர வரிசைப்படுத்துவதே அது. இதை ஏன் சர்வரே செய்துவிடக் கூடாது? அகர வரிசை எல்லா மொழிக்கும் ஒன்றல்ல. 'ஏ' எழுத்தின் மேல் இரு புள்ளி வைத்த எழுத்தை ஜெர்மானிய அகராதி 'ஏ'யோடு சேர்த்து வைக்கும். சுவீடன் நாட்டவரோ அதைக் கடைசி எழுத்தான 'இசட்'டுக்கும் பின்னால் வைப்பார்கள். ஆகவே பட்டியல் மட்டும் மையத்திலிருந்து வருகிறது. வரிசை அவரவர் மொழிக்கேற்ப அவரவர் கணிப்பொறியில் அமைகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒருவரைப் பற்றிய விவரங்களுக்கு 500 பைட் இடம் தேவை என்று வைத்துக்கொள்வோம். 40,000 பேருக்கு 2 கோடி பைட். இதை ஒரு கிளை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே 300 கணிப்பொறிகள் உள்ளன. அலுவலகத்துக்கு வரும் தொடர்புக் கம்பி நொடிக்கு 2,50,000 பைட் கொண்டுவரும்.

ஒரு நகல் வந்து சேர 80 நொடி ஆகும். 300 நகல்களுக்கு 24,000 நொடி. அதாவது 6 மணி 40 நிமிடம்! திங்கட்கிழமை காலை எல்லாரும் கணிப்பொறியை இயக்கியதும் எல்லாம் ஏட்டைக் கேட்கத் தொடங்கினால், மாலை வரை அந்தக் கம்பியில் வேறெதுவும் நகராது. கடிதங்களும் தேங்கிவிடும். முகவரி ஏடு கடிதத்துக்கு உதவ வந்தது. கடைசியில் அதுவே கடிதத்தின் வழியை அடைத்துக்கொள்ளும்.

மாறியதை மட்டும் அனுப்பு

இதற்கு வழி என்ன? தேர்தல் நேரத்தில் வாக்காளர் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். மூலப் பட்டியலோடு துணைப் பட்டியல் ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கும். சேர்த்தவை, நீக்கியவை, திருத்தியவை மட்டும் அதில் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் சர்வரும் இதே முறையைத்தான் கையாளுகிறது.

ஒவ்வொரு முறை ஏடு தயாராகும்போதும் அதற்கு ஒரு வரிசை எண் தரப்படுகிறது. நேற்றைய ஏட்டையும் இன்றைய ஏட்டையும் சர்வர் ஒப்பிட்டு, வேறுபாடுகளை மட்டும் தனிக் கோப்பாக எழுதுகிறது. உங்கள் கணிப்பொறியிடம் 112ஆம் ஏடு இருக்கிறது. சர்வரிடம் இருப்பது 115. அப்படியானால் 113, 114, 115 ஆகிய மூன்று மாற்றக் கோப்புகள் வந்தால் போதும். அவற்றை முறையாக ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் பழைய நகல் புதிய நகலாகிவிடும்.

முன்பு போட்ட கணக்கை இப்போது மீண்டும் போடுங்கள். ஒரு நாளில் 100 பேருடைய விவரம் மாறினால் 50,000 பைட். கம்பியில் அது வர ஐந்தில் ஒரு பங்கு நொடி. 300 கணிப்பொறிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு நிமிடம்! 6 மணி 40 நிமிடம் எங்கே, ஒரு நிமிடம் எங்கே!

ஆனால் இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் நீண்ட விடுப்பில் போய்த் திரும்பினால் மாற்றக் கோப்புகள் ஏராளமாகச் சேர்ந்திருக்கும். அவற்றின் மொத்த அளவு முழு ஏட்டின் அளவில் பாதியை எட்டிவிட்டால், அவுட்லுக் அவற்றை விட்டுவிட்டு முழு ஏட்டையே வாங்கிக்கொள்ளும். நிர்வாகி ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோரின் தொலைபேசி எண்ணையோ பதவிப் பெயரையோ மாற்றினாலும் இந்நிலை வரலாம். அப்போது எல்லாக் கணிப்பொறிகளும் முழு ஏட்டைக் கேட்கும், மறுபடியும் நெரிசல்தான். ஆகவே அனுபவமுள்ள நிர்வாகிகள் இத்தகைய பெரும் மாற்றங்களை நாள் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

வழியில் ஒரு மாற்றக் கோப்பு சிதைந்துபோனால்? அதற்கும் காவல் உண்டு. சர்வர் கோப்புகளோடு ஒரு விவரக் குறிப்பையும் வைக்கிறது. ஒவ்வொரு கோப்பின் அளவும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சோதனை எண்ணும் அதில் இருக்கும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் பொருந்தாது.

நகல் எவ்வளவு பழையதாகலாம்?

எக்ஸ்சேஞ்ச் 2010 பதிப்பில், நிர்வாகி வேறு நேரம் குறிக்காவிட்டால், சர்வர் நாள்தோறும் காலை 5 மணிக்கு ஏட்டைத் தயாரிக்கும். அவுட்லுக் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதியது உண்டா என்று கேட்கும்.

திங்கள் காலை 5 மணி 10 நிமிடத்துக்கு ஒரு பெயர் சேர்க்கப்பட்டது எனக் கொள்வோம். அன்றைய ஏடு ஏற்கெனவே தயாராகிவிட்டதால், அந்தப் பெயர் செவ்வாய் 5 மணி ஏட்டில்தான் இடம்பெறும். ஒரு கணிப்பொறி செவ்வாய் 4 மணி 55 நிமிடத்துக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தால், அது அடுத்துக் கேட்பது புதன் 4 மணி 55 நிமிடத்துக்கு. ஆக, ஏறத்தாழ 48 மணி நேரம் அந்தப் பெயர் அதற்குத் தெரியாது. இடையில் பொத்தானை அழுத்தி ஏட்டை உடனே வரவழைக்கவும் வசதி இருக்கிறது. ஆனால் சர்வர் புதிய ஏட்டைத் தயாரிக்காதவரை, பத்து முறை அழுத்தினாலும் பழைய ஏடுதான் வரும். எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பதிப்பு முதல் சர்வர் வழக்கமாக 8 மணிக்கு ஒருமுறை ஏட்டைத் தயாரிக்கிறது.

அலுவலகங்களில் அடிக்கடி எழும் ஒரு புதிருக்கும் இதுவே விடை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் பெயர் ஒருவருக்குத் தெரிகிறது. பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிவதில்லை. முதலாமவர் இணைய உலாவி வழியே மூல ஏட்டையே பார்க்கிறார். இரண்டாமவருடைய அவுட்லுக் நகல் ஏட்டைப் பார்க்கிறது. இருவர் கணிப்பொறியிலும் பழுது ஏதுமில்லை.

பெயர் ஒன்று, அடையாளம் வேறு

ஓர் அலுவலர் வேலையை விட்டுப் போகிறார். நிர்வாகி அவர் பெயரை நீக்கிவிடுகிறார். சில நாட்களில் அவர் திரும்பி வர, அதே பெயரைப் புதிதாகச் சேர்க்கிறார். இப்போது பழைய நகல் வைத்திருக்கும் ஒருவர் அவருக்குக் கடிதம் அனுப்பினால், அது போய்ச் சேராமல் திரும்பி வரக்கூடும். பெயர் அதேதான், முகவரியும் அதேதான். பிறகு ஏன்?

பள்ளியில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் சேர்க்கை எண்ணைக் கொண்டு வேறுபடுத்துவார்கள் அல்லவா? அதுபோல எக்ஸ்சேஞ்ச் சர்வர் ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாளக் குறியைத் தருகிறது. நிறுவனத்துக்குள் போகும் கடிதம் அந்தக் குறியைப் பார்த்தே செல்கிறது. மறுபடி சேர்த்தபோது அவருக்குக் கிடைத்தது புதிய குறி. பழைய நகலில் இருப்பது பழைய குறி. அந்தக் குறிக்கு உரியவர் யாருமில்லை என்று சர்வர் கடிதத்தைத் திருப்பிவிடுகிறது. பழைய குறியையும் அவருடைய கூடுதல் முகவரியாகப் பதிந்துவிட்டால் குறை தீரும்.

நகலில் உள்ள ஆபத்து

முகவரி ஏட்டின் நகல் மடிக் கணிப்பொறியோடு ஊர் ஊராகப் போகிறது. கணிப்பொறி களவு போய், அதன் பூட்டும் உடைக்கப்பட்டால், நிறுவனத்தார் எல்லாருடைய பெயரும் பதவியும் தொலைபேசி எண்ணும் பிறர் கைக்குப் போய்விடும். யார் யாருக்கு மேலதிகாரி என்பது தெரிந்துவிட்டால், மேலதிகாரி எழுதுவதுபோலப் பொய்க் கடிதம் எழுதுவது எளிதாகிவிடும். ஆகவே பட்டியலில் காட்டத் தேவையில்லாத பெயர்களை நிர்வாகி மறைத்துவைக்கலாம். அவை நகல் ஏட்டில் சேரா. வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு ஏடுகளும் தயாரிக்கலாம். வட்டில் உள்ளவற்றை மறைகுறியாக்கி வைப்பது இன்னொரு காவல்.

இன்னொரு வழி

எல்லாருக்கும் நகல் தருவதுதான் ஒரே வழியா? அமெரிக்காவில் 1969இல் தோன்றிய ஆர்ப்பாநெட் என்ற கணிப்பொறி வலைப்பின்னல்தான் இன்றைய இணையத்துக்கு முன்னோடி. அதில் இணைந்த கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அந்தக் கோப்பை நகல் எடுத்துக்கொண்டார்கள். கணிப்பொறிகள் பெருகப் பெருக, கோப்பு நீண்டது. நகல் எடுப்பவர்களும் பெருகினார்கள்.

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் புதிய திட்டம் ஒன்றை வகுத்தார். முழு ஏட்டை யாரும் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரிவின் பெயர்களையும் அந்தந்தப் பிரிவே கவனித்துக்கொள்ளும். பெயர் தேவைப்படும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிடைத்த விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கலாம்; அது எவ்வளவு காலம் என்பதை விடையோடு சேர்த்தே சொல்லிவிடுவார்கள். இன்றைய இணையத்தின் டி.என்.எஸ். என்ற பெயர் முறை இதுதான்.

ஆனால் குகைப்பாதைக்குள் இருப்பவரால் யாரிடமும் கேட்க முடியாதே! அவருக்கு நகல்தான் உதவும். சற்றுப் பழைய விடை உடனே வேண்டுமா, புதிய விடை காத்திருந்து வேண்டுமா என்பதைத் தேவையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. சர்வர் 8 மணிக்கு ஒருமுறை ஏட்டைத் தயாரிக்கிறது. அவுட்லுக் 24 மணிக்கு ஒருமுறை கேட்கிறது. ஒரு புதிய பெயர் வந்து சேர மிக அதிகமாக எவ்வளவு நேரம் ஆகும்? சர்வர் 4 மணிக்கு ஒருமுறை தயாரிப்பது நல்லதா, அல்லது அவுட்லுக் 12 மணிக்கு ஒருமுறை கேட்பது நல்லதா? கம்பியில் கூடும் சுமையையும் மறவாமல் விடை காணுங்கள். முதல் கேள்விக்கு விடை ஏறத்தாழ 32 மணி நேரம். இரண்டாவதை வகுப்பில் நண்பர்களோடு விவாதியுங்கள்.