பணம் வந்துவிட்டதா? பார்த்துவிட்டுப் பொருளைக் கொடுங்கள்!

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். பழைய தையல் மெஷினை விற்க நினைத்தார். விலை 4 ஆயிரம் ரூபாய். செல்போன் மூலம் விளம்பரம் கொடுத்தார்.

கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"அம்மா! நான் ராணுவத்தில் இருக்கிறேன். நேரில் வர முடியாது. நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன். பணத்தை இப்பொழுதே அனுப்புகிறேன்" என்றான் ஒருவன்.

பொருளைப் பாராமல், பேரமும் பேசாமல் பழைய சாமான் வாங்குகிறவர் உண்டா? அந்த அம்மாளுக்கு அது அப்பொழுது தோன்றவில்லை.

கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. அதுதான் "கியூ.ஆர். கோடு".

"இதை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணைப் போடுங்கள். பணம் வந்துவிடும்" என்றான். அந்த அம்மாளும் போட்டார்.

4 ஆயிரம் ரூபாய் வரவில்லை. அவர் கணக்கில் இருந்து போய்விட்டது!

ரகசிய எண் எதற்கு?

செல்போனில் பணம் அனுப்பும் "யு.பி.ஐ." முறை 2016-ல் வந்தது. இதில் ரகசிய எண்ணைப் போடவேண்டியவர் பணம் கொடுப்பவர்தான். வாங்குகிறவருக்கு அது தேவையே இல்லை. ஸ்கேன் செய்வதும் கொடுப்பவர் வேலை.

காய்கறிக் கடையில் பாருங்கள். அட்டை கடைக்காரரிடம் இருக்கிறது. ஸ்கேன் செய்கிறவர் நாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. "2,500 அனுப்புவதற்குப் பதில் 25 ஆயிரம் அனுப்பிவிட்டேன். மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று அழுவார்கள். போனில் செய்தியும் வந்திருக்கும். அது பாங்கியில் இருந்து வந்தது அல்ல. அவர்களே எழுதி அனுப்பியது! பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தையும் போலியாகத் தயாரிக்கலாம். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

செக் கொடுத்தால்?

பணம் கணக்கில் சேரும் வரை பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால், கொடுத்தவருக்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஆனால் அதற்கு நோட்டீசு, வழக்கு, வாய்தா என்று அலைய வேண்டும். முன்பின் தெரியாதவரை எங்கே போய்த் தேடுவது?

பெரிய தொகை ரொக்கமாக வந்தால், வாங்குகிறவரையும் பாங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கேயே எண்ணிக் கட்டிவிடலாம். 500 ரூபாய் நோட்டைச் சாய்த்துப் பார்த்தால், அதில் உள்ள இழை பச்சையில் இருந்து நீலமாக மாறும்.

மோட்டார் சைக்கிளா? பணம் சேர்ந்த பிறகே 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்துப் போடுங்கள். பெயர் மாற்றம் நடந்ததா என்பதையும் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால், அவர் விபத்து செய்தாலும் போலீசார் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யவேண்டும். தாமதம் ஆனால் பணம் கைமாறிப் போய்விடும். அந்த அம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு, 2 நாள் யாரிடமும் சொல்லவில்லை.

மெஷின் பிறகு விற்றுவிட்டது. அடுத்த தெருப் பெண் நேரில் வந்தாள். மிதித்துப் பார்த்தாள். பேரம் பேசி, 3,500 ரூபாயை நோட்டாக எண்ணிக் கொடுத்துவிட்டு எடுத்துச் சென்றாள்.