பிஷ்கெக்கில் குடித்தனம்

பிற தேசத்தில் போய் இறங்குகிறவன் முதல் சில வாரங்கள் கடைக்குக் கடை நின்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது வழக்கம். இந்த ரொட்டிக்குக் கேட்கிற காசு நம் ஊர்க் கணக்கில் எவ்வளவு என்று பெருக்கியும் வகுத்தும் பார்த்து முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் பொறுமை இழந்துவிடுவார். கிர்கிஸ்தானின் தலைநகரான பிஷ்கெக்குக்குச் செல்லும் இந்தியருக்கு மட்டும் யதேச்சையாக இந்தச் சிரமம் இல்லாமற்போயிற்று. 2024-ஆம் ஆண்டில் ஒரு டாலருக்கு அந்நாட்டுச் சோம் ஏறக்குறைய 87, நமது ரூபாய் ஏறக்குறைய 84 என்ற நிலை இருந்தபடியால், சோம் என்று எழுதியிருப்பதை ரூபாய் என்று வாசித்துக்கொண்டாலே போதுமானதாயிருந்தது. மருத்துவம் படிக்கத் தமிழகத்திலிருந்து அங்கே சென்றிருக்கும் மாணவர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஆயினும், நாணயங்கள் இரண்டும் சமமாக நிற்பதனாலேயே ஊர்கள் இரண்டும் ஒரே விலையில் நிற்கும் என்று எண்ணிவிடலாகாது. நமக்குக் கிராக்கியானது அங்கே கொள்ளை மலிவாயிருக்கும், நாம் கொசுறாகக் கேட்டு வாங்கும் கறிவேப்பிலையோ அங்கே காசு கொடுத்தாலும் எளிதில் கிட்டாத பதார்த்தமாகிவிடும்.

சோம் என்பது பழைய சொல். சோவியத் காலத்திலேயே கிர்கிஸ் மக்கள் ரூபிளைத் தம் மொழியில் சோம் என்றுதான் அழைத்தனர். 1993 மே 10 அன்று, மத்திய ஆசியக் குடியரசுகளுள் முதலாவதாக, கிர்கிஸ்தான் ரூபிளைக் கைவிட்டு, 200 ரூபிளுக்கு ஒரு சோம் என்ற விகிதத்தில் சொந்த நாணயத்தை வெளியிட்டது. சில்லறைகளுக்கு நடுவே 3 சோம் நாணயம் ஒன்று அகப்படும்; மூன்று ரூபாய் நாணயத்தைக் கண்டறியாத நம் கைக்கு அது விநோதமாக இருக்கும்.

செலவில் பெரும்பங்கை விழுங்குவது ஜாகைதான். வீட்டுக்காரர் வாடகையைப் பெரும்பாலும் டாலரிலேயே சொல்வார். இரண்டு அறை வீடு என்பதை நம்பி இரண்டு படுக்கையறைகளை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து நிற்பார். ருஷ்ய வழக்கப்படி, சமையலறை நீங்கலாக, கூடத்தையும் ஓர் அறையாகவே எண்ணுவதால், கிடைப்பது கூடமும் ஒரு படுக்கையறையுமே. சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்தில் எழுப்பிய ஐந்தடுக்குக் கட்டடங்களில் லிப்ட் கிடையாது என்பதையும், மேல்தளத்து வாடகை சற்றுக் குறைவாயிருப்பதன் ரகசியம் அதுவே என்பதையும், அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான் பலர் அறிகின்றனர். 2022 செப்டம்பரில் ருஷ்யா தன் ஆடவரைப் போருக்குத் திரட்டத் தொடங்கியதும், திரளான ருஷ்யர்கள் எல்லை கடந்து மத்திய ஆசிய நகரங்களுக்கு வந்து சேர, பிஷ்கெக்கில் வாடகை திடீரென்று ஏறிற்று. வந்தவர்களில் பலர் போய்விட்டனர். ஏறிய வாடகை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. நகர நடுவில் நல்ல நிலையிலுள்ள ஒரு வீட்டுக்கு மாதம் 500 டாலர் கேட்பது இப்போது அதிசயமன்று.

வாடகையில் போனதில் ஒரு பகுதியைக் குளிர்காலம் திருப்பிக் கொடுக்கிறது என்று சொல்லலாம். நகரத்தின் அடுக்குமாடி வீடுகளுக்குச் சோவியத் காலத்து அனல் நிலையம் ஒன்றிலிருந்து குழாய் வழியாக வெந்நீர் வந்து, ஜன்னலடியில் உள்ள இரும்புப் பட்டைகளைச் சூடேற்றி, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி குளிர் அடிக்கையிலும் உள்ளே சட்டையோடு உலாவும்படி செய்துவிடுகிறது. பல வீடுகளில் இந்த வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ குடியிருப்பவரிடம் அதிகாரம் இல்லை. அதிகமானால் பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைப்பதே பரிகாரம். மின்சாரமும் அவ்வாறே மலிவு. நாரின் நதியில் தோக்தோகுல் அணை முதலியவற்றில் உற்பத்தியாவதே அதில் பெரும்பகுதி. 2015 முதல் பல ஆண்டுகள், மாதம் 700 யூனிட் வரையில் யூனிட்டுக்கு 77 தியின், அதாவது ஒரு சோமுக்கும் குறைவாகவே, குடும்பங்கள் கொடுத்துவந்தன. பின்னர் கட்டணம் உயர்ந்தபோதிலும், நம் மின்கட்டண அட்டையோடு ஒப்பிட்டால் பெருமூச்சே வரும். ஆனால் நகரத்தின் ஓரத்துத் தனி வீடுகளுக்கு அந்த வெந்நீர்க் குழாய் எட்டாது. குறைந்த வாடகையைக் கண்டு மயங்கி அங்கே குடியேறுகிறவர், நிலக்கரியை டன் கணக்கில் வாங்கி, அடுப்பு மூட்டக் கற்றுக்கொள்ளவேண்டும். அவ்வடுப்புகளின் புகையே குளிர்காலத்தில் பிஷ்கெக்கின் வானத்தைக் கறுக்கச் செய்யும் காரணங்களில் ஒன்று.

இனி ஆகாரம். நகரத்தின் மேற்கே உள்ள ஓஷ் பஜாரில் காலை வேளையில் நுழைந்தால், பழைய குழந்தைத் தள்ளுவண்டி ஒன்றைத் துணியால் மூடித் தள்ளிக்கொண்டு ஒரு மூதாட்டி வருவதைக் காணலாம். துணியை விலக்கினால், தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த சூடு ஆறாத வட்ட நான்கள்; நடுவில் அச்சுக் குத்திய பூவேலையும் மேலே தூவிய எள்ளும் மின்னுகின்றன. ஒன்றின் விலை சில பத்துச் சோம்தான். அதனைப் பிட்டுத் தின்றபடி ஒருவர் அரைநாளை ஓட்டிவிடலாம். இந்த நானை மேஜைமேல் கவிழ்த்து வைத்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சோற்றைச் சிந்தினால் நம் பாட்டிமார் சுளிப்பதுபோல. கோடையில் தெருமுனைகளில் குடையின் கீழே பீப்பாய் வைத்து, தானியத்தைப் புளிக்கவைத்த மாக்சிம் என்ற பானத்தையும், உப்பிட்ட தயிரைக் கரைத்த சாலப்பையும் விற்கிறார்கள். சாலப் நமது நீர்மோருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பது என் அபிப்பிராயம். உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம், கோசு, பருவத்தில் வரும் தர்பூசணி, ஆப்பிள் ஆகிய அனைத்தும் சாமானியர் கைக்கு எட்டும் விலையிலேயே கிடைக்கின்றன.

துவரம் பருப்பும் புளியும் பெருங்காயமும் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. விமானமேறி வரும் பொட்டலங்களுக்குக் கடைக்காரர் வைத்ததே விலை. எனவே பிஷ்கெக்கில் ரசம் வைத்துச் சாப்பிடுகிறவர், லாக்மன் என்ற நூடுல்ஸ் சாப்பிடுகிறவரைவிட மாதக் கடைசியில் ஏழையாக இருப்பார். இந்திய மாணவர்கள் மெஸ்ஸுக்குப் பணம் கட்டி விடுவதன் காரணமும் இதுவே. இதற்கு ஒரு பாதி நிவாரணம் உண்டு. தலாஸ் பள்ளத்தாக்கில் விதவிதமான பீன்ஸ் பயறு ஏராளமாக விளைகிறது. உள்ளூர் மக்கள் அதனை அவ்வளவாக உண்பதில்லையாதலால் பெரும்பாலும் துருக்கி முதலிய தேசங்களுக்கு ஏற்றுமதியாகிவிடுகிறது. அதனை வாங்கி இரவெல்லாம் ஊறவைத்து, கையிருப்புச் சாம்பார்ப் பொடியைச் சேர்த்தால், துவரையின் ஞாபகம் வராவிட்டாலும் வயிறு நிறையும்.

போக்குவரத்தில் கவலை இல்லை. மர்ஷ்ருத்கா என்ற சிறிய வேன்களில் பல ஆண்டுகள் கட்டணம் 10 சோம். பின்வரிசைப் பயணியின் காசு கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போய், மீதிச் சில்லறை அவ்வழியே தவறாமல் திரும்பும். இப்போது அவற்றில் பலவற்றின் இடத்தில் பெரிய பேருந்துகள் வந்துவிட்டன. குளிருக்குரிய கம்பளிக் கோட்டும் பனிக்காலணியும் வாங்க வேண்டியவர், இரண்டிரண்டாக அடுக்கிய சரக்குக் கண்டெய்னர்களே கடைகளாகி நிற்கும் தோர்தோய் சந்தைக்குப் போவதே சிக்கனம். பளபளக்கும் வணிக மாளிகைகளில் அதே உடுப்பு வேறு விலை சொல்லும்.

இவ்வாறு கணக்குப் பார்த்துவிட்டு, ஆகா, மலிவான ஊர் என்று அயல்நாட்டார் மெச்சுவதைக் கேட்கும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். அந்நாட்டின் சராசரி மாதச் சம்பளம் 2024-இல் 40,000 சோம் அளவிலேயே இருந்தது. அதாவது மேலே சொன்ன நகர நடு வீட்டு வாடகையும் அதுவும் ஏறக்குறைய ஒன்று. ருஷ்யாவில் கூலிவேலை செய்து மகன்மார் அனுப்பும் பணத்தில்தான் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. டாலர் கொண்டுவருபவருக்கு மலிவு. சோமில் சம்பாதிப்பவருக்கு ரொட்டி ஒன்றே மலிவு.

அங்கே புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாணயமாற்றுக் கடைகளில் கிழிசலும் மடிப்பும் பேனாக் கீறலும் உள்ள டாலர் தாளுக்கு விலையைக் குறைப்பார்கள், அல்லது திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிறிய தாள்களைவிட நூறு டாலர் தாளுக்கு நல்ல விலை தருவார்கள். ஆகவே மொரமொரப்பான நூறு டாலர் தாள்களாகவே வாங்கி, மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்து எடுத்துச் செல்லுங்கள். பெருங்காய டப்பாவை அந்தப் புத்தகம் உள்ள பையில் வைக்க வேண்டாம்.